மாண்டரின் நாள் முழுக்கக் கொத்துது, ஆனா மெலிஞ்சுகிட்டே போகுது

உப்புக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். கடல்நீர்த் தொட்டிக்கு மாண்டரின் மீன் வாங்கி இன்னையோட 24 நாள் ஆச்சு. ஆண் மீன், முதுகுத் துடுப்போட முதல் முள் நீளமா நிமிர்ந்து நிக்குது. தொட்டி 110 லிட்டர், ஓட ஆரம்பிச்சு அஞ்சு மாசம். சம்ப் (தொட்டிக்குக் கீழ வைக்கிற வடிகட்டித் தொட்டி) கிடையாது, பின்னாடி மாட்டுற ஃபில்டர்தான். பாறை மொத்தமும் காய்ஞ்ச பாறையா வாங்கி வச்சது. கூட ரெண்டு கிளவுன் மீன், ஒரு சிக்ஸ் லைன் ராஸ் மீன். உப்பளவு 1.025, வெப்பநிலை 25 டிகிரி, அமோனியாவும் நைட்ரைட்டும் சைபர், நைட்ரேட் 10.

காலையில லைட் போட்டதுலேர்ந்து அணைக்கிற வரைக்கும் பாறை பாறையா போய்க் கொத்திக்கிட்டே இருக்கு. ஒரு இடத்துல சும்மா நிக்கிறதே இல்லை. நிறமும் பளபளன்னு இருக்கு. நல்லா இரை எடுக்குதுன்னு நிம்மதியா இருந்துட்டேன். நேத்து தண்ணி மாத்துறப்ப மேலேர்ந்து பார்த்தேன். தலை மட்டும் பெருசா இருக்கு, அதுக்குப் பின்னாடி உடம்பு பென்சில் மாதிரி ஒடுங்கிப் போகுது. பக்கவாட்டுல பார்த்தா வயிறு உள்வாங்கியிருக்கு. ஃப்ரோசன் மைசிஸ் (இறால் மாதிரி சின்ன உயிர்), குருணைத் தீனி ரெண்டும் போட்டுப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கலை.

நாள் முழுக்கத் தின்னுற மீன் எப்படி மெலியும்? வயித்துல புழு ஏதாவது இருக்குமா? நேத்து ராத்திரி தூக்கமே வரலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பவளத்தோட்டம்

தம்பி, கொத்துறது வேற, இரை எடுக்கிறது வேற. மாண்டரின் பாறைக்கு ஒரு விரல் உயரத்துல மிதந்து நின்னு, கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி ஒரு இடத்தை உத்துப் பார்க்கும். அங்க இரை இருந்தாத்தான் வாய் குழாய் மாதிரி முன்னால நீண்டு வெடுக்குன்னு ஒரு இழு இழுக்கும். இல்லைன்னா அப்படியே அடுத்த இடத்துக்கு நகரும். நாலடி தள்ளி நின்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். நீ 24 நாளா பார்த்தது பெரும்பாலும் தேடுறதைத்தான்னு நினைக்கிறேன்.

தொட்டி முன்னாடி உக்காந்து அஞ்சு நிமிஷம் எண்ணு. எத்தனை இடத்துல நின்னு பார்த்துது, அதுல எத்தனை தடவை வாய் நீண்டுது. அப்புறம் ராத்திரி லைட் அணைஞ்சு ஒண்ணரை மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுக் கண்ணாடியையும் பாறை இடுக்கையும் பாரு. வெள்ளையா, தூசி மாதிரி, விட்டு விட்டு நகர்ற புள்ளிங்க தெரியும். எத்தனை இருக்குன்னு வந்து சொல்லு. அதுதான் உன் மீனோட சாப்பாட்டுத் தட்டு.

திருக்கை

இந்த மீனுக்கு வேளைச் சாப்பாடு என்பதே கிடையாது, நண்பரே. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடலில் பிடித்த ஏழு மாண்டரின்களின் குடலில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பாறையில் ஊரும் ஹார்பாக்டிகாய்டு கோபிபாட்கள் (இறால் இனத்தைச் சேர்ந்த தூசி அளவு உயிர்கள்), பாலிகீட் புழுக்கள், பொடி நத்தைகள், ஆம்ஃபிபாட், ஆஸ்ட்ரகாட், மீன் முட்டை. இவைதான் இருந்தன. பகல் முழுக்க ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்பதுதான் அதன் வாழ்க்கை. இரை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. ஆறேழு சென்டிமீட்டர் மீன் அதைத் தின்று உடம்பைத் தேற்ற வேண்டுமானால் நாளுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும்.

உங்கள் தொட்டிக் கணக்கைப் பாருங்கள். உயிரே இல்லாத காய்ந்த பாறையில் தொடங்கியதால், பவளம் ஏதாவது வைத்திருந்தால் அதோடு ஒட்டி வந்த பாட்கள்தான் (கோபிபாட், ஆம்ஃபிபாட் வகைகள்) மொத்த முதலீடு. அதைப் பெருகவிடாமல் சிக்ஸ் லைன் ராஸும் அதே இரையைத்தான் தின்கிறது, மாண்டரினைவிட வேகமாக. மாண்டரின் வருவதற்கு முன்பே அது பாதியைக் காலி செய்திருக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். பெரும்பாலான விலங்குகளில் நீலம் என்பது ஒளி சிதறுவதால் கண்ணுக்குத் தெரிகிற தோற்றம். மாண்டரினின் தோலில் உண்மையான நீல நிறமிச் செல்களே இருப்பதை 1995-இல் கண்டறிந்தார்கள். மிக அபூர்வமான விஷயம் அது. எலும்பும் தோலுமான மாண்டரின் நேற்று வாங்கியது போல மின்னிக்கொண்டிருந்ததை நானே இரண்டு தொட்டிகளில் பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று

எண்ணிட்டேன் அண்ணா. மூணு தடவை எண்ணினேன், ஏன்னா முதல் தடவை நம்பவே முடியலை. அஞ்சு நிமிஷத்துல நாப்பது இடத்துக்கு மேல நின்னு பார்க்குது. வாய் நீண்டது 6, 4, 5. அவ்வளவுதான்.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முன் கண்ணாடி முழுக்கத் தேடி ரெண்டே ரெண்டு புள்ளி. பாறைக்கு அடியில ஒரு ஆம்ஃபிபாட் ஓடுச்சு. மாண்டரின் ஒரு மூலையில நிறம் வெளுத்துப் போய் மணல் மேல படுத்திருந்தது. செத்துருச்சோன்னு ஒரு நொடி உயிரே போயிருச்சு. செவுள் அசைஞ்சதும்தான் மூச்சு வந்துச்சு.

ஆழிமகள்

தம்பி, ராத்திரி வெளுக்கிறது அதோட தூக்க நிறம், பயப்படாதே.

ஆனா வயித்தைப் பத்தி நீ சொன்னதைப் படிச்சதும் எனக்கு மனசு கனத்துப் போச்சு. என்னோட முதல் மாண்டரின் இதே மாதிரிதான் போச்சு. பத்தாவது வாரம். சாகுற அன்னிக்குக் காலையிலகூடப் பாறையைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு அப்ப எதைப் பார்க்கணும்னே தெரியலை, அது சுறுசுறுப்பா இருக்கிறதையே பார்த்துக்கிட்டிருந்தேன். உனக்கு 24-ஆம் நாளே தெரிஞ்சிருக்கு, இன்னும் காலம் கடந்துடலை.

எதைப் பார்க்கணும்னா, வயித்தை மட்டும் பார்த்தா போதாது. தின்னவுடனே வயிறு கொஞ்சம் உப்பும், ஏமாத்திடும். முதுகைப் பாரு. தலைக்குப் பின்னாடி, முதுகுத் துடுப்புக்கு ரெண்டு பக்கமும் சதை உருண்டையா இருக்கணும். அங்க குழி விழுந்து, நடுவுல கத்தி முனை மாதிரி விளிம்பு தெரிஞ்சா உடம்புல இருந்த சதையையே கரைச்சுத் தின்ன ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மேலேர்ந்து ஒரு படம், பக்கத்துலேர்ந்து ஒரு படம் எடுத்து வை. தினம் பார்க்கிற கண்ணுக்கு மெலியறது தெரியாது, படம் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் தெரியும்.

இப்ப உன் மீனுக்குக் குழி விழுந்திருக்கா?

உப்புக்காற்று

படம் எடுத்துப் பார்த்தேன் அக்கா. லேசா விழுந்திருக்கு. கத்தி மாதிரி இல்லை, ஆனா உருண்டையாவும் இல்லை.

பவளத்தோட்டம்

அப்ப நான் நேராவே சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதே. இந்தத் தொட்டி இந்த மீனுக்கு ஆகாது. குறைஞ்சது 200 லிட்டர், ஒரு வருஷம் உயிருங்க குடியேறிப் பழுத்த பாறை, பாட்ஸ் பெருக மீன் நுழையாத, பாசி வளர்ற தனி அறை (ரெஃப்யூஜியம்). அது இருக்கிறவங்க யார்கிட்டயாவது மீனைக் கொடுத்துடு. ஆறு மாசத்துல உன் தொட்டி பழுத்ததும் இன்னொண்ணு வாங்கிக்கலாம். மீனோட உயிரை வச்சுப் பழகக் கூடாது. நான் இதை ஆசையா சொல்லலை. முப்பது நாப்பது பேர் இதே கேள்வியோட வந்து, முக்காவாசிப் பேர் மூணு மாசத்துல மறுபடியும் வந்து செத்துப்போச்சுன்னு எழுதினதைப் பார்த்த வருத்தத்துல சொல்றேன்.

ஆழிமகள்

அண்ணன் சொல்றது நியாயம்தான். ஆனா ஒரு இடத்துல நான் மாறுபடறேன். 110 லிட்டர் தொட்டி தானா இந்த மீனுக்குச் சோறு போடாதுங்கிறது சரி. வெளியிலேர்ந்து தினமும் போட ஆள் இருந்தா ஓட்டலாம். என்கிட்ட இப்ப இருக்கிறது மூணாவது வருஷத்துல இருக்கு, தொட்டி 130 லிட்டர்தான். ஆனா அதுக்குப் பின்னாடி தினமும் முக்கால் மணி நேரம் என் கை வேலை இருக்கு. அந்த வேலை முடியாதுன்னா அண்ணன் சொன்னபடி கொடுத்துடறதுதான் மீனுக்கு நல்லது. யோசிச்சுச் சொல்லு.

இன்னொண்ணு, மெலிஞ்ச மீனைப் பிடிச்சுப் பையில போட்டு இன்னொரு தொட்டிக்கு மாத்துறதும் அதுக்கு அடிதான். எங்க போனாலும் முதல்ல ரெண்டு வாரம் சதை ஏத்தணும்.

உப்புக்காற்று

காலையிலயும் சாயங்காலமும் நான் வீட்டுலதான் இருப்பேன் அக்கா. செய்யறேன். ரெண்டு மாசத்துல முதுகு நிரம்பலைன்னா அண்ணன் சொன்ன மாதிரி கொடுத்துடறேன், இதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

ஆழிமகள்

சரி, அப்ப கேட்டுக்கோ. பெருசா எழுதறேன், பொறுமையா படி.

மொதல்ல அந்த சிக்ஸ் லைனை வெளியே எடு. அது இருக்கிற வரைக்கும் நீ தொட்டியில கொட்டுற பாட்ஸ் எல்லாம் அதுக்குத்தான் விருந்து. பாட்டில் கழுத்தை வெட்டித் திருப்பிச் சொருகி, உள்ள மைசிஸ் போட்டு வச்சா ஒரு நாள் ரெண்டு நாள்ல மாட்டும்.

ரெண்டாவது, மாண்டரினைத் தொட்டிக்குள்ளேயே ஒரு தொங்கு பெட்டியில வை. குஞ்சு பொரிக்க விடற மாதிரி வலைச் சுவர் வச்ச பெட்டி. உள்ள கைப்பிடி அளவு ஒரு பாறைத் துண்டு, கொஞ்சம் பாசி, மேல மூடி. இது குதிக்கும், மூடி இல்லாம வைக்காதே. பெட்டிக்குள்ள வச்சா ரெண்டு லாபம். போடற இரை அலையில அடிச்சுக்கிட்டுப் போகாது. அது எவ்வளவு தின்னுதுன்னு உன் கண்ணுக்குத் தெரியும்.

மூணாவது இரை. இன்னைக்கு ராத்திரியே ஆர்ட்டீமியா (உப்புநீர்ப் பொடி இறால்) முட்டை ஊறப் போடு. ஒரு லிட்டர் பாட்டிலைத் தலைகீழா நிறுத்தி, லிட்டருக்கு 25லேர்ந்து 30 கிராம் உப்பு, 26-28 டிகிரி சூடு, பக்கத்துல ஒரு விளக்கு, அடியிலேர்ந்து நல்லா காத்து. 24 மணி நேரத்துக்குள்ள தண்ணி ஆரஞ்சு நிறமா மாறும். காத்தை நிறுத்தி பத்து நிமிஷம் விடு. ஓடு மேல மிதக்கும், பொரியாத முட்டை அடியில தங்கும், குஞ்சுங்க வெளிச்சம் இருக்கிற பக்கம் கூட்டமா சேரும். அந்தக் கூட்டத்தை மட்டும் மெல்லிய குழாய் வச்சு உறிஞ்சி, நெருக்கமான துணி வடிகட்டியில ஊத்தி, சுத்தமான உப்புத் தண்ணியில அலசு. ஓடு கலந்து போயிடக் கூடாது, சின்ன மீன் குடல்ல அடைச்சுக்கும்.

இதுல நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. பொரிஞ்ச புதுசுல குஞ்சு வயித்துல மஞ்சள் கரு இருக்கும், அதுதான் சத்து. பொரிஞ்சு ஏழெட்டு மணி நேரத்துல அது தோல் உரிச்சு அடுத்த பருவத்துக்குப் போயிடும், கருவும் கரைஞ்சுக்கிட்டே வரும். அதுக்கப்புறம் அது வெறும் சக்கை. வயிறு நிறைஞ்ச மாதிரி தெரியும், உடம்புல ஒட்டாது. அதனால பொரிஞ்சதைச் சீக்கிரம் போட்டுடு. மிஞ்சினதை வச்சிருக்கணும்னா, வாய் திறந்த பருவத்துல கொழுப்புச் சத்து திரவத்திலயோ பச்சைப் பாசித் தண்ணியிலயோ பன்னெண்டு மணி நேரம் விட்டுப் போடு. ஆர்ட்டீமியாவுல டிஎச்ஏங்கிற ஒமேகா-3 கொழுப்பு இயல்பிலேயே சுத்தமா கம்மி, அதை நாமதான் ஏத்தணும்.

ஒரே தடவையா கொட்டாதே. நாலஞ்சு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. வயிறு எப்பவும் லேசா உப்பியிருக்கணும், அதுதான் கணக்கு. மிச்சத்தை சிரிஞ்ச் வச்சு எடுத்துடு.

திருக்கை

பெட்டிக்கு மாற்றும்போது வலை போட்டுப் பிடிக்காதீர்கள். இந்தக் குடும்பத்து மீன்களுக்குக் கன்னத்தில் ஒரு முள் உண்டு. வலை நூலில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும், எடுக்கப் போனால் செவுள் பக்கம் கிழியும். தெளிவான ஒரு டப்பாவை மணலோடு ஒட்டிப் படுக்க வைத்து, விரலால் பின்னாலிருந்து மெதுவாக ஓட்டுங்கள். அவசரப்படாத மீன், தானே நடந்து போய் உள்ளே நிற்கும்.

கிளிஞ்சல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் ஒன்று வாங்கலாம் என்று இருந்தேன், இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன். புது மீனைக் குவாரன்டைன் தொட்டியில் மாசக்கணக்கில் வைக்க வேண்டும் என்று மற்ற இழைகளில் சொல்கிறார்கள். பாறையே இல்லாத தொட்டியில் இது என்ன தின்னும்? அதோடு, உப்புக்காற்று கேட்ட புழு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

திருக்கை

நல்ல கேள்வி. வெறும் தொட்டியில் வைத்தால் நோய் வருமுன் பட்டினி வந்துவிடும். மாண்டரினுக்குச் செதில் கிடையாது. தோல் முழுக்கத் தடிமனான, கசப்பும் நாற்றமும் உள்ள சளி. அதனால் வெள்ளைப்புள்ளி நோய் மற்ற மீன்களைவிட இதற்குக் குறைவாகவே வருகிறது. வரவே வராது என்று சொல்ல மாட்டேன், அது மற்ற மீன்களுக்கு நோயைக் கொண்டு வரவும் கூடும். நான் செய்வது, குவாரன்டைன் தொட்டியிலேயே பாட் நிறைந்த பாறைத் துண்டுகளையும் பாசி உருண்டையையும் வைத்து, தினமும் உயிர் இரை கொடுத்துக் கவனிப்பது. காப்பர் மருந்து போடுவதில்லை. செதில் இல்லாத இந்த உடம்பு அதைத் தாங்குமா என்பது சந்தேகம், பாறையில் இருக்கும் பாட்களும் அதோடு செத்துவிடும்.

புழுவுக்கு வருகிறேன். வயிறு நிறையத் தின்றும் இரண்டு மூன்று வாரத்தில் சதை ஏறவில்லை, கழிவு வெள்ளையாக நூல் போலத் தொங்குகிறது என்றால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். உப்புக்காற்று மீன் அஞ்சு நிமிடத்தில் அஞ்சு வாய்தான் தின்கிறது. அதற்குப் பசிதான் நோய். முதலில் சோறு, பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

உப்புக்காற்று (6 நாள் கழித்து)

ராஸ் மூணாம் நாள் பாட்டில்ல மாட்டுச்சு. நண்பர் ஒருத்தர் தொட்டிக்குப் போயிருச்சு. மாண்டரின் பெட்டிக்கு வந்தாச்சு, டப்பா வழிதான்.

முதல் நாள் பெட்டி மூலையில ஒட்டிக்கிட்டு அசையவே இல்லை. ரெண்டாம் நாள் காலையில ஆர்ட்டீமியா குஞ்சு விட்டேன், பத்து நிமிஷம் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. அதுக்கப்புறம் நான் எண்ணுறதை விட்டுட்டேன். அஞ்சு நிமிஷத்துல அறுபதுக்கு மேல போயிருக்கும். வயித்துத் தோல் மெல்லிசா இருக்கிறதால உள்ள ஆரஞ்சு நிறம் வெளியே தெரியுது அக்கா! அதைப் பார்த்தப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.

ஆனா ஃப்ரோசன் தொடவே இல்லை. பூண்டுச் சாறுல ஊற வச்சா தின்னும்னு ஒரு இடத்துல படிச்சேன், செய்யலாமா?

பவளத்தோட்டம்

பூண்டை விடு. இது மணத்தை நம்பி வர்ற மீன் இல்லை, அசைவைப் பார்த்து வர்ற மீன். அசையாத மைசிஸ் அதுக்குக் கல்லும் மண்ணும் மாதிரி. மைசிஸ் பெருசும்கூட, அந்த வாய்க்கு.

நான் உன்னை மீனைக் கொடுத்துடச் சொன்னேன். நீ மூணே நாள்ல ராஸை எடுத்து, பெட்டி கட்டி, குஞ்சு பொரிச்சுட்டே. அதனால இப்ப முழு மனசோட சொல்லித் தரேன். உயிர்க் குஞ்சு பத்து பங்குன்னா அதுல ஒரு பங்கு உருக்கின ஃப்ரோசன் சைக்ளாப்ஸோ (பொடி கோபிபாட்) மீன் முட்டையோ கலந்து, பைப்பெட்டால அது கண்ணு முன்னாடி மெதுவா ஊது. நீரோட்டத்துல உருண்டு போறப்ப உயிருள்ளதுன்னு நினைச்சுக் கொத்தும். துப்பும். மறுபடி கொத்தும். துப்பறதைப் பார்த்து நிறுத்திடாதே, துப்புதுன்னா வாயில வச்சுப் பார்க்குதுன்னு அர்த்தம். நாலு நாளைக்கு ஒரு தடவை பங்கை ஏத்து. சில மீன் ரெண்டு வாரத்துல பழகும். சில மீன் கடைசி வரைக்கும் பழகாது. பழகலைன்னா மீன் மேல கோபப்படாதே, உயிர் இரையைத் தொடரு.

திருக்கை

தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மாண்டரின்கள் இந்த விஷயத்தில் எளிது. 2010-இல் அமெரிக்காவின் ஓ.ஆர்.ஏ. என்ற மீன் வளர்ப்பு நிறுவனம் அப்படிப்பட்டவற்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது, இப்போது வேறு வளர்ப்பகங்களும் செய்கின்றன. குருணையும் ஃப்ரோசனும் தின்னப் பழகியே வருகின்றன. கிளிஞ்சல், நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்பதால் சொல்கிறேன், காத்திருந்தாவது அப்படி ஒன்றை வாங்குங்கள். ஆனால் பழகி வந்த மீனுக்கும் ஒரு நாளைக்கு ஒரு வேளை போதாது.

ஆழிமகள்

தம்பி, ஆர்ட்டீமியா இப்போதைக்கு முட்டுக் கொடுக்கிற கம்புதான். அதையே நம்பி வருஷக்கணக்கா ஓட்ட முடியாது. பெட்டியில மீன் தேறுற இந்த மூணு வாரத்துல தொட்டியில பாட்ஸை விதைச்சு விடு. தின்ன வாய் இல்லாத காலம் இதுதான், விட்டா கிடைக்காது.

டிஸ்பேன்னு ஒரு கோபிபாட் வகை கேட்டு வாங்கு. பொடிசு, பாறை இடுக்குல ஊரும், ரீஃப் தொட்டிச் சூட்டுல நல்லா பெருகும். முட்டையிலேர்ந்து தாயாக ரெண்டு வாரம் போதும். டிக்ரியோபஸ்னு இன்னொண்ணு கிடைக்கும், பெருசு, சிவப்பா இருக்கும், வெட்டவெளியில நீந்தும். மீனுக்கு அது கண்டதும் அல்வா, ஆனா அன்னைக்கே தின்னு தீர்த்துடும், தங்காது. வளர்க்க டிஸ்பே, விருந்துக்கு டிக்ரியோபஸ், இப்படி வச்சுக்கோ.

விடறப்ப லைட் அணைச்ச பிறகு, பம்ப்பை நிறுத்திட்டு, பாறை அடியில குழாய் வச்சு விடு. ஃபில்டர்ல பஞ்சு இருந்தா எடுத்துடு. யூவி விளக்கு இருந்தா கொஞ்ச நாள் அணைச்சு வை. தொட்டி மூலையில பொடிக் கல்லைக் குவிச்சு ஒரு மேடு கட்டு, அதுக்குள்ள மீனோட வாய் போகாது, பாட்ஸ் அங்க குடும்பம் நடத்தும்.

இதெல்லாத்துக்கும் மேல, வெளியே ஒரு வாளி. பத்து லிட்டர் உப்புத் தண்ணி, காத்துக் கல் இல்லாம வெறும் குழாய், நொடிக்கு ரெண்டு மூணு பெரிய குமிழி வர்ற அளவு. பச்சைப் பாசித் தண்ணி ஊத்து, வெளிர் பச்சையா இருக்கணும், கரும்பச்சை ஆகக் கூடாது. தண்ணி தெளிஞ்சதும் மறுபடி ஊத்து. நானோகுளோரோப்சிஸ் வகைப் பாசி மட்டும் போடாம ஐசோகிரைசிஸ் வகையும் கலந்து போடு, டிஎச்ஏ அதுலதான் இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணியை வடிகட்டி, மாட்டினதைத் தொட்டியில விட்டுட்டு, வாளிக்குப் புது உப்புத் தண்ணி ஊத்து.

ரெண்டு வாளி வை. ஒரு வாளியை மட்டும் நம்பாதே. என்னோடது ஒரு தடவை ஒரே ராத்திரியில கெட்டுப்போச்சு, பாசித் தண்ணியை ஆசையில அதிகமா ஊத்தினதுதான் காரணம். அன்னைக்கு ரெண்டாவது வாளிதான் என் மீனைக் காப்பாத்துச்சு.

உப்புக்காற்று (5 வாரம் கழித்து)

அக்கா, அண்ணா, ஆறு ஞாயித்துக்கிழமைப் படத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தேன். ரெண்டாவது படம் வரைக்கும் பெருசா மாத்தமே இல்லை, அப்ப ரொம்பப் பயந்தேன். மூணாவதுலேர்ந்து குழி ஆழம் குறையுது. இப்ப குழி இல்லை. மேலேர்ந்து பார்த்தா தலையும் உடம்பும் ஒரே அகலத்துல வருது.

பெட்டிக்கு வந்த 24-ஆம் நாள் மீனைத் தொட்டிக்கு விட்டேன். அதுக்கு முந்தின ராத்திரி டார்ச் அடிச்சப்ப கண்ணாடியில எண்ண முடியாத அளவு புள்ளி. விட்ட மறுநாள் எண்ணிப் பார்த்தேன், அஞ்சு நிமிஷத்துல வாய் நீண்டது 31 தடவை.

ஃப்ரோசன்ல மீன் முட்டை மட்டும் எடுக்குது. சைக்ளாப்ஸ் அஞ்சுல ஒண்ணு. மைசிஸ் கிடையவே கிடையாது. கிளவுன் ரெண்டும் முந்திக்கிட்டு வந்து தின்னுடுது, அதுதான் இப்ப தலைவலி. தீனி அதிகமானதுல நைட்ரேட் 25 வரைக்கும் ஏறிடுச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி மாத்தி இப்ப 15-ல நிக்குது.

பவளத்தோட்டம்

ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியை எடுத்து மூடியில மாண்டரின் உடம்பு மட்டும் நுழையற அளவுக்கு ஓட்டை போடு, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வழவழப்பாக்கு. மணல்ல படுக்க வை. மேலேர்ந்து ஒரு மெல்லிய குழாயை ஜாடிக்குள்ள இறக்கி, அது வழியா இரையை விடு. கிளவுன் மேல்தண்ணி மீன், தரையோட கிடக்கிற ஓட்டைக்குள்ள நுழையத் தயங்கும். மாண்டரின் தரையில நடக்கிற மீன், இடுக்கு கண்டா எட்டிப் பார்க்காம போகாது.

31 நல்ல எண்ணிக்கை தம்பி. மாசத்துக்கு ஒரு தடவை எண்ணு, 15-க்குக் கீழ இறங்கினா வாளியிலேர்ந்து கூடுதலா விடு.

உப்புக்காற்று (12 நாள் கழித்து)

ஜாடி வச்ச மூணாம் நாள் உள்ள போயிருச்சு! மொதல்ல ஓட்டை முன்னாடி நின்னு ஒரு கண்ணை மட்டும் உள்ள விட்டுப் பார்த்துச்சு. அப்புறம் பாதி உடம்பு. அப்புறம் முழுசா உள்ள போய், கண்ணாடி வழியா வெளியே என்னைப் பார்த்துக்கிட்டே மீன் முட்டையைத் தின்னுச்சு. இப்பெல்லாம் குழாயைத் தண்ணியில இறக்கினாலே பாறைக்குப் பின்னாடி எங்க இருந்தாலும் துடுப்பை விரிச்சுக்கிட்டு வந்து ஜாடியில உக்காந்துக்குது. கிளவுன் ரெண்டும் வெளியே சுத்திச் சுத்தி வருது.

ரெண்டு வாளியும் பச்சையா ஓடுது. காலையில இருபது நிமிஷம், சாயங்காலம் அரை மணி நேரம், பழகிருச்சு.

ஒரு ஆசை. சாயங்காலம் லைட் மங்குற நேரத்துல இது துடுப்பை நிமிர்த்திக்கிட்டுத் தொட்டி முழுக்கச் சுத்துது, ஜோடி தேடுதுன்னு தோணுது. இதுங்க ரெண்டும் வயித்தோட வயிறு ஒட்டி மேல எழும்பி முட்டை விடறதைக் காணொளியில பார்த்தேன். ஒரு பெண் மீன் சேர்க்கலாமா?

ஆழிமகள்

உன் மனசு புரியுது. அந்தி நேரத்துல அப்படி ஜோடியா எழும்பறதை நேர்ல பார்த்தவ நான், அதுக்கு ஈடே கிடையாது.

ஆனா இப்ப வேண்டாம். முட்டை விடற பெண்ணுக்கு ஆணைவிட அதிகமா இரை வேணும், உன் தொட்டி ஒரு வாய்க்கே வாளித் தண்ணியை நம்பித்தான் ஓடுது. மூணாவது வாளி ஆரம்பி. நாலு மாசம் போகட்டும். அப்பவும் ராத்திரி டார்ச் அடிச்சா கண்ணாடியில எண்ண முடியாத அளவு புள்ளி இருந்து, ஆணோட முதுகு இதே மாதிரி உருண்டையா இருந்தா, படத்தோட வந்து கேளு. அப்ப நானும் அண்ணனும் சேர்ந்து பதில் சொல்றோம்.

பவளத்தோட்டம்

நாலு இல்லை, ஆறு மாசம். மத்தபடி அக்கா சொன்னதுதான்.